கஸ்ஸியார்சுக் கரைக்கு வந்த நன்னீருக்கு நன்றி

நீரிலும் நிலத்திலும் இறங்கும் எங்கள் சிறு விமானம் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் பத்திரமாக இறங்கிவிட்டது. இரண்டு சக்கரங்களும் தடையில்லாமல் உருண்டன என்று விமானி சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. கிரீன்லாந்தின் கஸ்ஸியார்சுக் என்ற சிற்றூரின் கரையில் விமானம் நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். விமானம் இருக்கும் இடத்தைத் திரையில் காட்டும் புள்ளி நகராமல் நின்றபோது எங்களோடு விழித்திருந்தவர்கள் நீங்கள். அதை மறுபடி எழுதவில்லை. தள்ளிப்போடாமல் நன்றி சொல்லிவிட வேண்டும், அதற்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, கஸ்ஸியார்சுக்கில் செம்மறி வளர்க்கும் ஒரு பெரியவருக்கு. அவருக்குத் தனியாகக் கடிதம் அனுப்பிவிட்டோம். ஆனாலும் அவர் செய்த உதவியின் அளவு, இந்தப் பயணத்தைத் தொடர்ந்து வரும் உங்களுக்கும் தெரிய வேண்டும். யாரும் கேட்காமலே, டிராக்டருக்குப் பின்னால் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஓடைத் தண்ணீர் கொண்டுவந்து விமானத்தின் பக்கத்தில் நிறுத்தினார். அவ்வளவுதான்.

நீரிலும் நிலத்திலும் இறங்கும் விமானத்துக்கு உப்பைவிடப் பெரிய எதிரி கிடையாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கஸ்ஸியார்சுக் இருக்கும் துனுல்லியார்ஃபிக் ஃபியோர்டில் (நிலத்துக்குள் நீளும் ஒடுங்கிய கடல்) பனியாற்று நீர் கலப்பதால் மேல்நீரில் உப்பு குறைவுதான். அதை நன்னீர் என்று நம்பிவிடக் கூடாது. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு போகாது. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு, அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் தொடும் இடத்தில் அரிக்கத் தொடங்கும்.

அதைவிட ஆபத்தானது, சக்கரம் தடையில்லாமல் உருள உதவும் பேரிங். ஓடுபாதையில் உருண்டு கிளம்பிய சக்கரத்தின் நடுப்பகுதி சூடாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் குளிர்ந்த கடலில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, நீர் புகாமல் தடுக்கும் சீல் வளையத்தைத் தாண்டிக் கடல்நீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் பால்போல வெளுத்துவிடும். அந்த பேரிங் அடுத்த ஓடுபாதையில் இறுகினால் விமானம் ஒரு பக்கமாகச் சுழலும். சக்கரத்தை ஏற்றி இறக்கும் திருகுத் தண்டில் உப்பு படிந்து, ஒரு சக்கரம் மட்டும் இறங்கி மற்றது நின்றுவிட்டால் இன்னும் மோசம். அந்த நிலையில் நீரிலும் இறங்க முடியாது, நிலத்திலும் இறங்க முடியாது.

இதையெல்லாம் அந்தப் பெரியவருக்கு எவரும் விளக்கவில்லை. அந்த ஊரில் படகுதான் வண்டி. படகின் மோட்டாரை நன்னீர் விட்டு அலசி வைக்கிற பழக்கம் உள்ளவருக்கு, சரளைக் கரையில் ஏறி நிற்கும் விமானத்தைப் பார்த்ததுமே அதற்கு என்ன தேவை என்று தெரிந்திருக்கிறது. வைக்கிங் தலைவர் எரிக் த ரெட் குடியேறிய கரை அது. இன்றைய செம்மறிப் பண்ணைகள் 1924-இல் தொடங்கியவை. வெளியிலிருந்து உதவி வரும்வரை கையில் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்த ஊர்.

அலசும் வேலையும் முறையாக நடந்தது. முதலில் எஞ்சினும் எக்ஸாஸ்ட் குழாயும் முழுதாக ஆறும்வரை காத்திருந்தார்கள். சூடான உலோகத்தில் குளிர்நீர் பட்டால் விரிசல் விழும். பிறகு மேலிருந்து கீழாக: புரொப்பெல்லர், ரேடியேட்டர் இடுக்குகள், இறக்கையைத் தாங்கும் கம்பிகளின் முனைகள், வால் சக்கரம், கடைசியில் அடிப்பகுதி. வாளியும் மெதுவாக ஒழுகும் ஓஸ் குழாயும் மட்டும்தான். பிரஷர் பம்பு கூடவே கூடாது, அது உப்பை சீலுக்குள் தள்ளிவிடும். அடித்தட்டின் வடிகால் மூடிகளைக் கழற்றி, ஒவ்வொரு அறையிலும் நன்னீர் ஊற்றி வெளியேற்றினார்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. வால் பக்க அறையில் இருபது லிட்டர் தேங்கினாலே எடைமையம் பின்னுக்குப் போய்விடும்.

மறுநாள் அவரே ஒரு டப்பாவில் கம்பளிக் கொழுப்பு கொண்டுவந்தார். செம்மறி ரோமத்திலிருந்து எடுப்பது; ஈரத்தை விலக்கி உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும், கடல்நீர் பட்டாலும் எளிதில் கழுவிப்போகாது. போல்ட் தலைகளிலும் கம்பி முனைகளிலும் அதைப் பூசினார்கள். பிரேக் டிஸ்க்கில் மட்டும் படாமல் பார்த்துக்கொண்டார்கள். நனைந்த பிரேக்கை நன்றாக உலர்த்தியும் விட்டார்கள். இல்லையென்றால் மேலே போனதும் உறைந்து, இறங்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

கஸ்ஸியார்சுக்குக்கு எதிர்க்கரையில் இருக்கும் நார்சார்சுவாக்கிலிருந்து ரெய்க்யவிக் சுமார் 1,240 கி.மீ. மணிக்கு 150 கி.மீ. போகும் இந்த விமானத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். படகு வடிவம் இருக்கிறதே, நடுக்கடலில் இறங்கிக்கொள்ளலாமே என்று பலர் எழுதியிருந்தீர்கள். அன்போடு சொல்கிறோம்: இந்த அளவு விமானத்துக்கு அரை மீட்டர் அலையே அதிகம். வட அட்லாண்டிக்கில் இறங்கினால் மிதவைப் படகுக்கு மாறுவதற்கான நேரம்தான் கிடைக்கும். அதனால் கிளம்பும் முன் ஒவ்வொரு பாகமும் சரியாக இருந்தே ஆக வேண்டும். 2015-இல் ஆஸ்திரேலியர் மைக்கேல் ஸ்மித் நீரிலும் நிலத்திலும் இறங்கும் சீரே வகைச் சிறு விமானத்தில் தனியாக உலகைச் சுற்றி முடித்தார். இது முடியும் என்று நாங்கள் நம்பியது அதனால்தான். தனியாகப் பறக்கலாம், ஆனால் தனியாக அலச முடியாது என்பதை இப்போது கண்ணால் பார்த்துவிட்டோம்.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். பேரிங்கையும் சீலையும் தன் பயணப் பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த பயணி, நள்ளிரவிலும் உறைபனி எந்த உயரத்தில் என்று கணித்துச் சொன்ன வானிலை நண்பர்கள், பெட்ரோலை வடிகட்டித் தண்ணீர் இல்லை என்று காட்டிய பிறகே டாங்கியில் ஊற்றியவர், அனுமதிக் கடிதங்களை விடுமுறை நாளிலும் துரத்தியவர்கள், பணம் அனுப்பிவிட்டுப் பெயர் வேண்டாம் என்றவர்கள், தூங்காமல் பிரார்த்தித்தவர்கள் எல்லோருக்கும் எங்கள் கைகூப்பு.

அந்தப் பெரியவர் கூலி வாங்கவில்லை. டீசலுக்காவது பணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றதற்கும் தலையசைத்து மறுத்துவிட்டார். அந்தக் கடனை வேறு வழியில்தான் தீர்க்க முடியும். இனி விமானம் இறங்கும் ஒவ்வொரு கரையிலும் நன்னீர் எங்கே கிடைக்கும், ஓஸ் எட்டுமா, வண்டி கரைவரை வருமா, கரை சரளையா சேறா, யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதிப் பொதுவில் வைக்கப்போகிறோம். பின்னால் வருகிற எந்த விமானியும் அதை எடுத்துக்கொள்ளலாம். ஐஸ்லாந்து, ஃபாரோ தீவுகள், ஸ்காட்லாந்து கரைகளை அறிந்தவர்கள் உங்களில் இருந்தால், இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். அடுத்த இறக்கம் ஃபாரோவில்.