ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ ஒன்பது மணி நேரமா?

இரண்டு ஊர்ப் பெயர்களைக் கொடுத்தால் தூரமும் பறக்கும் நேரமும் சொல்லும் கணிப்பான்களை உருவாக்குவோருக்கு,

வணக்கம். ஹெல்சிங்கி, டோக்கியோ என்று இட்டால் உங்கள் வகைக் கணக்கு 7,830 கி.மீ., ஒன்பது மணி சொச்சம் என்கிறது. தூரம் சரி. நேரம் 2022 பிப்ரவரியோடு காலாவதியானது.

கணக்கின் வழி தெரிந்ததுதான். பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என வைத்து இரு விமான நிலையங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய வளைவை எடுக்கிறீர்கள். மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்து, ஏறி இறங்க அரை மணி கூட்டுகிறீர்கள். ஒரு காலத்தில் இது பெரிதாகப் பிசகவில்லை. பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவன விமானம் ஒன்பதரை மணியில் டோக்கியோவின் நரிட்டா நிலையத்தில் இறங்கியது. ஆனால் அந்த வளைவின் பெரும்பகுதி ரஷ்யாவின் மேல் போகிறது. உக்ரைன் போருக்குப் பின் ஐரோப்பா ரஷ்ய விமானங்களுக்கு வான்வெளியை மூட, ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. இப்போது ஒன்று தெற்கே மத்திய ஆசியாவையும் சீனாவையும் சுற்ற வேண்டும். இல்லையேல் வட துருவத்தை ஒட்டி அலாஸ்கா பக்கம் போய் பசிபிக் வழியாகத் தெற்கே வர வேண்டும். மூவாயிரம் கி.மீ.க்கும் மேல் கூடுகிறது. பயணம் 13 மணி நேரத்தை ஒட்டி வருகிறது. எல்லா வழிக்கும் ஐந்து சதவீதம் சேர்த்துக்கொள்ளும் வித்தை இங்கே செல்லாது. சுற்றுவழியின் திருப்பங்களைப் புள்ளிகளாக வைத்து, துண்டு துண்டாக வளைவுகளைக் கூட்டுங்கள்.

அடுத்தது காற்று. நேரெதிர்க் காற்று மணிக்கு 150 கி.மீ. என்றால் 1,000 கி.மீ. துண்டுக்கு 80 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 57. காற்றே இல்லாவிட்டால் 67. போகும்போது பத்து நிமிடம் மிச்சம், வரும்போது பதின்மூன்று நட்டம். இரண்டும் கழிந்து சமமாகிவிடும் என்று யார் சொன்னார்களோ! குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேல் மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்று இதைவிடவும் வேகமாக இருக்கும். ஆகவே போவதற்கும் வருவதற்கும் ஒரே எண்ணைக் காட்டுவது தவறு.

நேர வித்தியாசத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பின்லாந்து மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் கடிகாரத்தை மாற்றுகிறது; ஜப்பான் மாற்றுவதே இல்லை. வித்தியாசம் குளிர்காலத்தில் 7 மணி, கோடையில் 6. மாலை 5.30க்குக் கிளம்பி 13 மணி நேரம் பறந்தால், டோக்கியோவில் குளிர்காலமானால் மறுநாள் பகல் 1.30, கோடையானால் 12.30. நிலையாக 7 என்று எழுதி வைத்திருந்தால் கோடைப் பயணம் 12 மணி நேரமாகச் சுருங்கித் தெரியும்.

இன்னொன்று: விமான நிறுவன அட்டவணை, வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறு வாயிலில் நிற்பது வரை எண்ணுகிறது. காற்றில் இருக்கும் நேரம் அதைவிடக் குறைவு. எதைக் காட்டுகிறீர்கள் என்று எழுதுங்கள்.

தூரத்தை அப்படியே விடுங்கள். நேரத்தை அதிலிருந்து வகுக்காமல், அந்தப் பருவத்து அட்டவணையிலிருந்து திசைவாரியாக எடுங்கள். நேரடி விமானம் இல்லாத ஊர்களுக்கு வகுத்த எண்தான் கதி என்றால், அது வளைவுக் கணக்கு என்று பக்கத்திலேயே போடுங்கள். வளைவு மூடிய வான்வெளியைத் தொட்டால் நேரத்தைக் காட்டவே வேண்டாம்.