பத்தாயிரம் பேரை வாசித்தாயிற்று, எதை வைத்து வாசித்தோம்?

மதிப்பிற்குரிய உயிரித் தொழில்நுட்பத் துறைச் செயலர் அவர்களுக்கும், ஜீனோம் இந்தியா திட்டத்தை நடத்திய விஞ்ஞானிகளுக்கும்,

வணக்கம். தென் தமிழ்நாட்டில் ஒரு மருத்துவமனையில் மரபணு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். குழந்தைக்கு மரபணுப் பரிசோதனை செய்து முடிவு வந்ததும், அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று பெற்றோருக்கு விளங்க வைப்பது என் வேலை. நடைமுறையில், "தெரியவில்லை" என்ற ஒரே பதிலை நோகாமல் பல விதமாகச் சொல்வது. அது அலுத்துப்போய்த்தான், இந்திய மக்களுக்கென ஒரு பான்ஜீனோம், அதாவது பலரின் ஜீனோம்களை (முழு டிஎன்ஏ எழுத்து வரிசைகளை) ஒன்றாகப் பின்னிய தொகுப்பு, வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். நடுவில் கோபம் தலைகாட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்னணியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஜனவரியில் தொடங்கி, 20 நிறுவனங்கள் சேர்ந்து, 83 மக்கள் குழுக்களிலிருந்து பத்தாயிரம் பேரின் ஜீனோமை வாசித்தீர்கள். 2025 ஜனவரி 9 அன்று, தரவு முழுவதும் ஃபரிதாபாதில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் இருப்பதாக அறிவித்தீர்கள். டிஎன்ஏ எழுத்துகளில் 18 கோடி மாற்றங்கள் கிடைத்தன என்றீர்கள். நல்ல வேலைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில், அதுவும் நம் நாட்டில், இத்தனை ஊர் சுற்றி ரத்தம் சேகரித்தவர்களின் பாடு எனக்குக் கொஞ்சம் தெரியும்.

ஆனால் அந்தப் பத்தாயிரம் பேரையும் எதை வைத்து வாசித்தோம்? அதைத்தான் கேட்க வந்தேன்.

ஒவ்வொருவரின் டிஎன்ஏவையும் 150 எழுத்து அளவுள்ள துணுக்குகளாக வாசித்து, அவற்றை ஜிஆர்சிஎச்38 என்ற ரெஃபரன்ஸ் ஜீனோமின் (ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் மாதிரி ஜீனோமின்) மேல் வைத்துப் பொருத்தினோம். அந்த ரெஃபரன்ஸில் சுமார் 70 விழுக்காடு ஒரே ஆளுடையது. 1997 மார்ச்சில் அமெரிக்காவின் பஃபலோ நகரச் செய்தித்தாளில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ரத்தம் கொடுத்த, பெயர் வெளியிடப்படாத ஒருவர். (அவர் வெள்ளைக்காரர் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியும் இல்லை. அவருடைய ஜீனோமில் ஆப்பிரிக்க வம்சாவளியும் கணிசமாக இருக்கிறது.) அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, பாவம், அவர் வேலை ரத்தம் கொடுப்பதோடு முடிந்தது. அவரிடம் இல்லாத ஒரு நீளப் பகுதி நம்மிடம் இருந்தால், அந்தத் துணுக்குகள் உட்கார இடமில்லாமல் ஓரங்கட்டப்படும், அல்லது தவறான இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இதுதான் சிக்கல்.

ஓலைச்சுவடியைப் பதிப்பித்தவர்கள் ஒரே ஏட்டை நம்பி உட்காரவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பல ஏடுகளைத் தேடி எடுத்து, ஒன்றில் விட்டுப்போனதை இன்னொன்றில் கண்டு, பாடபேதங்களையெல்லாம் அடிக்குறிப்பில் கொடுத்து அச்சிட்டார்கள். பான்ஜீனோம் என்பதும் அந்த வேலைதான். ஒரு ஆளின் ஜீனோமைச் சரியென்று வைத்து மற்றவர்களைப் பிழையாகப் பார்க்காமல், பல நூறு பேரின் முழு ஜீனோம்களை ஒன்றாகப் பின்னி, எங்கே பாதை பிரிகிறது, எங்கே சேர்கிறது என்று காட்டுவது.

இது கனவும் அல்ல. பஃபலோக்காரரின் ரெஃபரன்ஸில் விட்டுப்போயிருந்த பகுதிகளையும் சேர்த்து, வேறொரு மாதிரியிலிருந்து வாசித்த முதல் முழு மனித ஜீனோம் 2022இல் வந்துவிட்டது. 2023 மே மாதம் மனித பான்ஜீனோம் கூட்டமைப்பு என்ற பன்னாட்டு விஞ்ஞானிகள் குழு 47 பேரை வைத்து முதல் வரைவை வெளியிட்டது. வெறும் 47 பேர்தான், ஆனாலும் பழைய ரெஃபரன்ஸில் இல்லாத 11.9 கோடி எழுத்துகள் கிடைத்தன. அந்த 47 பேரில் தெற்காசியர் எத்தனை பேர் என்று பார்த்தேன். ஒருவர். லாகூரில் மாதிரி எடுக்கப்பட்ட பஞ்சாபி. உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நாம், நம் எல்லோருக்குமாக அவர் ஒருவர்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. பல நாட்டு மக்களின் ஜீனோம்களை வாசித்த பழைய 1000 ஜீனோம் திட்டம் ஆய்வகத்தில் வளர்த்து வைத்திருக்கும் செல்களிலிருந்துதான் பெரும்பாலும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் திட்டத்தில் குஜராத்திகள் ஹூஸ்டனில் இருக்கிறார்கள், தெலுங்கர்கள் பிரிட்டனில் இருக்கிறார்கள், தமிழர் என்றால் பிரிட்டனில் குடியேறிய இலங்கைத் தமிழர்கள். இந்திய மண்ணில் எடுத்த மாதிரி ஒன்றுகூட அதில் கிடையாது. 2025இல் வந்த இரண்டாம் வெளியீட்டில் 200 பேருக்கு மேல் ஆகிவிட்டது என்றாலும், நம் ஊர்க்காரர்களை அங்கே போய்த் தேட வேண்டிய நிலை மாறவில்லை. இதற்கிடையில் சீனா சும்மா இருக்கவில்லை. 2023 ஜூனிலேயே 36 சிறுபான்மை இனக்குழுக்களிலிருந்து 58 பேரை வைத்துத் தனக்கென ஒரு பான்ஜீனோமை வெளியிட்டது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 53 அரபியர்களை வைத்து ஒன்று வந்துவிட்டது. அமீரகத்தின் மக்கள்தொகை என்ன, நம் ஒரு மாநிலத்தின் மக்கள்தொகை என்ன?

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

நான்கு வயதுப் பையன். நடக்க ஆரம்பித்து, பிறகு நடை தளர்ந்துகொண்டே வருகிறது. பெற்றோர் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள், தாய்மாமன் முறை. நகையை அடகு வைத்து எக்ஸோம் பரிசோதனை (புரதம் உருவாக்கும் மரபணுப் பகுதிகளை மட்டும் வாசிப்பது) செய்தார்கள். முடிவு வந்தது. ஒரே ஒரு மாற்றம், அதற்குப் பக்கத்தில் "பொருள் உறுதியாகவில்லை" என்ற குறிப்பு, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் "இந்த மாற்றம் மக்கள்தொகைத் தரவுத்தளங்களில் பதிவாகவில்லை" என்று ஒரு வரி. அந்த அம்மா எட்டாவதோ ஒன்பதாவதோ படித்தவர். அந்த வரியை நான் தமிழில் சொன்னதும் கேட்டார்: "பதிவாகலன்னா, எங்க ஆளுங்க யாருக்கும் இது இல்லைன்னு அர்த்தமா மேடம், இல்ல எங்க ஆளுங்கள யாரும் பாக்கவே இல்லைன்னு அர்த்தமா?"

ஐயா, அம்மா, இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

அவர் சமூகத்தில் பத்துப் பேருக்கு ஒருவரிடம் இருக்கும் சாதாரண மாற்றமாக இருந்தால், அது இந்த நோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, பெரும்பாலும் தள்ளிவிடலாம். உண்மையிலேயே வேறு யாரிடமும் இல்லாததாக இருந்தால், அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு கூடுகிறது. அதுவும் இல்லாமல், உண்மையான காரணம் ஏதோ ஒரு பெரிய விடுபாடாகவோ இரட்டிப்பாகவோ, 150 எழுத்துத் துணுக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்திருக்கவும் கூடும். மூன்றுக்கும் காகிதத்தில் அதே ஒரு வரிதான்.

அப்புறம் அவர் மெதுவாகச் சொன்னார், இப்போது பதினோரு வாரம் என்று. வயிற்றில் இரண்டாவது. அதற்கும் இந்த நோய் வருமா என்று தெரிந்துகொள்ளத்தான் அவசரமாகப் பரிசோதனைக்கே வந்திருக்கிறார்கள். நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்க அதுதான் சரியான நேரம், செய்யத் தெரிந்த மருத்துவர் அடுத்த அறையில் இருக்கிறார், ஊசி இருக்கிறது, ஸ்கேன் இருக்கிறது, ஆனால் எதைத் தேடுவது? பொருள் உறுதியாகாத மாற்றத்தை வைத்துக் கருவைப் பரிசோதித்து ஒரு முடிவைக் கையில் கொடுப்பது தவறு, எங்கள் துறையில் யாரும் செய்ய மாட்டோம். வாரங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. அந்தத் தாய்மாமன், அதாவது பையனின் அப்பா, வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ரிப்போர்ட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

பான்ஜீனோம் இருந்திருந்தால் இந்தப் பையனுக்கு விடை கிடைத்திருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். கிடைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் அந்த அம்மாவின் கேள்விக்கு "பார்த்தோம், இல்லை" என்றோ "பார்த்தோம், இருக்கிறது" என்றோ ஒரு பதிலாவது சொல்லியிருப்பேன்.

தேடினால் கிடைக்கும் என்பதற்குச் சான்று வேண்டுமா? இதயத் தசை நோயோடு தொடர்புள்ள எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 எழுத்து விடுபட்ட ஒரு மாற்றம், தெற்காசியரில் நூற்றுக்குச் சுமார் 4 பேரிடம் இருக்கிறது. 2009இல் அதை உலகுக்குச் சொன்ன குழுவில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் ஹைதராபாத் சிசிஎம்பி உயிரியல் ஆய்வு மையத்தாரும் இருந்தார்கள். நூற்றுக்கு நான்கு என்றால் எத்தனை கோடிப் பேர்! அது 25 எழுத்து, அதனால் மாட்டியது. 2,500 எழுத்தோ 25,000 எழுத்தோ விடுபட்டிருந்தால்? ஆரிய வைசியர் சமூகத்தில் பியூடைரைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் குறைபாடு கூடுதலாக இருப்பது மயக்க மருத்துவர்களுக்குப் பழைய செய்தி. அந்தக் குறைபாடு உள்ளவருக்கு அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் மருந்தைக் கொடுத்துவிட்டால், தானாக மூச்சு விட நெடுநேரம் ஆகும். ஒரு சமூகத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கல்யாணம் செய்யும் நாட்டில் இப்படி எத்தனை இருக்கும்? 4,600க்கும் மேற்பட்ட சமூகங்கள் இருப்பதாக மானிடவியல் அளவாய்வுத் துறை பட்டியல் போட்டிருக்கிறது. நாம் 83ல் நிற்கிறோம்.

ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவத்துக்கு வளையும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1952இல் நீலகிரியில்தான் இந்தியாவில் அது முதலில் பதிவானது. 2047க்குள் ஒழிப்போம் என்று 2023இல் தேசிய இயக்கமே தொடங்கியாயிற்று. ஒருவருக்கு அந்த நோய் எவ்வளவு கடுமையாக வரும் என்பது கூடவே ஆல்ஃபா தலசீமியா விடுபாடு (ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான ஆல்ஃபா குளோபினுக்குரிய மரபணு விடுபட்டிருப்பது) இருக்கிறதா என்பதையும் பொறுத்தது. ஆல்ஃபா குளோபின் மரபணுக்களோ பக்கத்துப் பக்கத்தில் இரட்டையர் மாதிரி இரண்டு. குட்டித் துணுக்கை எடுத்து இது மூத்தவனா இளையவனா என்று கேட்டால் மென்பொருள் திணறும். லாங் ரீட் என்பார்கள், ஒரே ஓட்டத்தில் பல்லாயிரம் எழுத்துகளை வாசிக்கும் முறை, அதில் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அரிவாள் செல் பரிசோதனை முடிவை அட்டையாக அச்சடித்துப் பழங்குடிக் கிராமங்களில் கொடுக்கிறோம், நல்லது. அந்த மக்களில் சிலரின் ஜீனோமையாவது ஒரு முனையிலிருந்து மறு முனை வரை முழுதாக வாசிக்கக் கூடாதா?

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். இந்திய மக்களுக்கென ஒரு பான்ஜீனோம் ரெஃபரன்ஸ் கட்டுங்கள். தாய், தந்தை, பிள்ளை என மூவராக எடுத்து, லாங் ரீட் முறையில், சில நூறு குடும்பங்கள். பத்தாயிரம் வேண்டாம். அகமணச் சமூகங்களும் பழங்குடிகளும் அதில் கட்டாயம் இருக்கட்டும். கட்டியதை உலகக் கூட்டமைப்பின் வரைபடத்தோடும் இணையுங்கள், எங்களைப் போன்றவர்கள் பரிசோதனைக் கூடத்தில் தினசரி பயன்படுத்தும்படித் திறந்தும் வையுங்கள்.

திறந்து வைப்பது பற்றி ஒரு வார்த்தை. அறிவிப்பு விழாவில் தரவின் அளவு 8 பெட்டாபைட் (80 லட்சம் ஜிகாபைட்) என்று சொன்னபோது எல்லோரும் வாய் பிளந்தோம். ஆனால் பெட்டாபைட்டை யாரும் மருந்துச் சீட்டில் எழுத முடியாது. ஆராய்ச்சித் திட்டம் எழுதி, குழு ஒப்புதல் வாங்கி, அப்புறம் தரவு பெறும் வழி பெரிய நிறுவனங்களுக்குச் சரி. மாவட்ட மருத்துவமனையில் புறநோயாளி வரிசையை வைத்துக்கொண்டு இருப்பவர் என்ன செய்வார்? 2021இல் மத்திய சுகாதார அமைச்சகம் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை கொண்டு வந்தது, 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு என்கிறார்கள். நோய்க்குப் பெயரே வைக்க முடியாத குழந்தையை அந்தப் பட்டியலில் எந்த வரியில் எழுதுவது? ஒருவேளை "பொருள் உறுதியாகவில்லை" என்றே ஒரு நோயையும் பட்டியலில் சேர்த்துவிட்டால் எங்களுக்குச் சௌகரியம். நிறையப் பேர் தகுதி பெறுவார்கள்.

சரி, கோபம் வேண்டாம். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

இன்னொன்றையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது. பழங்குடி மக்களிடம் ரத்தம் எடுப்பது நம் நாட்டில் புதிதல்ல. எடுத்துப் போனவர்கள் திரும்பி வந்து "உங்கள் ரத்தத்தில் இது தெரிந்தது" என்று சொன்னதுதான் அரிது. ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்குவதை ஒப்புதல் என்று கணக்கு வைக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் தங்களிடம் ஆராய்ச்சிக்கு வருபவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 2017இல் தாங்களே விதிமுறை எழுதி வெளியிட்டார்கள். அது மாதிரி இருளரோ தோடரோ பணியரோ தங்கள் நிபந்தனைகளைச் சொல்லட்டும், அதைக் கேட்டுக்கொண்டு போங்கள். மாட்டோம் என்று அவர்கள் சொன்னால் அதையும் மதித்துத் திரும்பி வாருங்கள். முழு ஜீனோம் என்பது ஒரு ஆளை அடையாளம் காட்டிவிடும், அவர் சொந்தக்காரர்களையும் சேர்த்து. அதைத் திறந்து வைப்பதற்கு முன் யாருக்கு என்ன தெரியவரும் என்பதை அவர்கள் மொழியில் உட்கார்ந்து பேச வேண்டும். இதற்கு நேரம் ஆகும். ஆகட்டும். அதனால்தான் இப்போதே தொடங்கச் சொல்கிறேன்.

பணம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். பத்தாயிரம் பேருக்குச் செலவு செய்த நாடு சில நூறு குடும்பங்களுக்குச் செய்யலாம். ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது, பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் டெல்லியிலும் இருக்கும் நம் பிள்ளைகள் வெளிநாட்டுக் கூட்டமைப்புகளின் கட்டுரைகளை நம்மைவிட நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள்.

இந்திய பான்ஜீனோமுக்குத் துறையில் திட்டம் ஏதும் இருக்கிறதா, இருந்தால் லாங் ரீட் வேலை எந்த நிதியாண்டில் தொடங்கும், தமிழ்நாட்டிலிருந்து எந்தெந்தச் சமூகங்கள் அதில் இருக்கும், முடிவுகளை மருத்துவமனைகள் எப்படிப் பெறுவது? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். திட்டம் இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள், அதையும் என்னால் பெற்றோருக்குப் படித்துச் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு மரபணு ஆலோசகர்