லிவிங் கலரை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ராக் இசைக்குழுக்கள் பற்றிய கட்டுரையை ஆசையாகப் படித்தேன். லிவிங் கலர் குழுவுக்கு அதில் ஒரு வரிகூட இல்லாதது மனதை உறுத்துகிறது.

1984இல் நியூயார்க்கில் கிதார் கலைஞர் வெர்னன் ரீட் தொடங்கிய குழு அது. புகழ்பெற்ற அணியின் நால்வருமே கறுப்பினத்தவர். ராக் இசைக்கு வேராக இருந்தவர்களே கறுப்பினக் கலைஞர்கள்தான்; ஆனால் அந்த இசையை வாசிக்க இவர்கள் இடம் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. ஹார்ட் ராக்கில் ஃபங்க், ஜாஸ், ஹிப் ஹாப் எல்லாம் கலந்தார்கள். 1988இல் வந்த 'விவிட்' ஆல்பத்தின் முதல் பாடல் அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸின் குரலோடு தொடங்கும். பர்மா பஜாரில் வாங்கிய கேசட்டில் அதை முதன்முதலாகக் கேட்ட இரவு நான் தூங்கவில்லை. நாடா தேயும்வரை அதையே ஓடவிட்டேன்.

1990, 1991 என அடுத்தடுத்து இரண்டு கிராமி விருதுகள். 1995இல் பிரிந்து 2000இல் மீண்டும் சேர்ந்தார்கள்.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கானாவையும் பறையையும் ராக், ராப்போடு சேர்த்து சாதிக்கு எதிராகப் பாடும் சென்னை இசைக்குழுவான 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது எனக்கு அந்தப் பழைய கேசட்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் வடசென்னை வாசகர்களுக்கு இந்த உறவு சட்டென்று புரியும். லிவிங் கலர் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். அதிகம் பேசப்படாத 1993ஆம் ஆண்டு 'ஸ்டெயின்' ஆல்பத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

- வாசகர், பெரம்பூர், சென்னை