மதர்போர்டு செய்யும் நிறுவனங்களுக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து

வணக்கம்.

தண்டையார்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு காலேஜ் பையன், சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினான். பயாஸ் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) அப்டேட் போட்டிருக்கிறான், பாதியில் கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் கிடையாது. பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு. சர்வீஸ் சென்டரில், இது வாரண்டியில் வராது, வேறு போர்டு வாங்கிக்கொள் என்று அனுப்பிவிட்டார்களாம்.

"போர்டு செத்துடுச்சாண்ணா?" என்றான்.

சாகவில்லை. பயாஸ் இருப்பது சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக, எட்டுக் கால் உள்ள ஃபிளாஷ் சிப் ஒன்றில். அதில் எழுத்து பாதியில் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவியின் கிளிப்பை, சிவப்பு ஒயர் சிப்பின் புள்ளிப் பக்கம் வருகிற மாதிரி கவ்வவிட்டு, உள்ளே இருப்பதை முதலில் இரண்டு முறை படித்தேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கால்களில் பச்சை. எங்கள் பக்கத்துக் கடல் காற்று அப்படி. பிரஷ்ஷால் துடைத்து மறுபடி கவ்வவிட்ட பிறகுதான் சரியாகப் படித்தது. இதில் 3.3 வோல்ட் சிப்பும் உண்டு, 1.8 வோல்ட் சிப்பும் உண்டு; கவனிக்காமல் மாற்றிக் கொடுத்தால் அப்போது நிஜமாகவே செத்துவிடும். நீங்கள் இணையத்தில் தரும் ஃபைலையும் சில சமயம் அப்படியே எழுத முடியாது. ஃபைலின் தலையில் ஒட்டியிருக்கும் கூடுதல் பகுதியை வெட்ட வேண்டும். சில போர்டுகளில் நெட்வொர்க் முகவரியும் இதே சிப்பில்தான், அதைப் பழைய பிரதியிலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும். 16 எம்பி ஃபைலுக்கு ஒரு மத்தியானம் போனது.

அப்டேட்டே போடாதே என்று பையனிடம் சொல்லிவிடலாம்தான். ஆனால் பழைய போர்டில் புது பிராசசர் போட்டால் பல நேரம் புது பயாஸ் கேட்கிறது. 2023 டிசம்பரில் வெளியான லோகோஃபெயில் என்ற பாதுகாப்பு ஓட்டையில், ஆன் செய்ததும் வரும் லோகோ படத்தின் வழியாகவே கெட்ட மென்பொருள் நுழைய முடியும். அதை அடைக்கவும் அப்டேட்தான் வழி.

வழி தெரியாதவர்கள் அல்ல நீங்கள். சிஐஎச் வைரஸ் 1999 ஏப்ரல் 26 அன்று பயாஸையே அழித்ததைப் பார்த்தவர்கள். அந்தக் காலத்தில் அவார்டு நிறுவனம் செய்த பயாஸில் பூட் பிளாக் என்று ஒரு மூலை தனியாக இருக்கும். மற்றது கெட்டாலும் அது பிழைத்திருந்தால் ஃபிளாப்பியிலிருந்து மீட்டுவிடலாம். அப்புறம் கிகாபைட் இரண்டு சிப் வைத்தது, ஏசுஸ் பிராசசர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து எழுதும் வசதி கொடுத்தது. பாதுகாப்பது, கெட்டதைக் கண்டுபிடிப்பது, மீட்பது என்று மூன்றையும் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2018லேயே வழிகாட்டுதலாக எழுதிவைத்திருக்கிறது.

ஆனால் என் மேசைக்கு வரும் விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் இதில் ஒன்றும் இருப்பதில்லை. விலை உயர்ந்த போர்டு வாங்குகிறவர் வீட்டில் யூபிஎஸ் இருக்கும். கரண்ட் போகும்போது மாட்டுவது எங்கள் ஏரியா பையன்தான்.

எனவே கேட்பது இதுதான்: பென் டிரைவ் மீட்பு பட்டனை மலிவான போர்டிலும் வையுங்கள். முடியாவிட்டால், சிப்பில் அப்படியே எழுதக்கூடிய முழு ஃபைலையாவது ஒவ்வொரு மாடலுக்கும் வெளியிடுங்கள். சிப் எத்தனை வோல்ட் என்பதையும் போர்டிலேயே அச்சடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை சர்வீஸ் கடைக்காரன்