ஒரு வரி சேருங்கள்: பென்டிரைவ் லினக்ஸ் செய்து தரும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். காரைக்குடிப் பக்கத்துக் கிராம நூலகம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் இருக்கும் மூன்று கம்ப்யூட்டரும் நீங்கள் பென்டிரைவில் போட்டுத் தந்த லினக்ஸ் இயங்குதளத்தில்தான் ஓடுகின்றன. ஹார்ட் டிஸ்க் செத்துப்போன பெட்டிகளுக்கு அது உயிர் கொடுத்தது. அந்த நன்றி எங்களுக்கு என்றைக்கும் உண்டு. கோப்புகளை நெட்வொர்க் வழியாகச் சேர்த்துவைக்கும் நாஸ் பெட்டிக்கான அமைப்புகள் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் அழிந்துபோவதைப் பற்றி ஏற்கெனவே நான்கு முறை எழுதிவிட்டேன். அதனால் பழைய கதையை விட்டுவிடுகிறேன். போன மாதம் நடந்ததை மட்டும் கேளுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி தன் ஐயா காலத்துப் பேரேட்டைக் கொண்டுவந்தார். பர்மாவில் நடந்த கொடுக்கல் வாங்கல் கணக்கு. 1942-இல் ஜப்பான் படை அங்கே நுழைந்தபோது, கடையையும் நிலத்தையும் விட்டுவிட்டு இதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வந்தாராம். மஞ்சள் துணியை அவிழ்த்து மேஜையில் வைத்துவிட்டு, "இருட்டுறதுக்குள்ள என் கையில குடுத்துடணும் தம்பி" என்றார் ஆச்சி. தாளுக்கு அடியில் ஓர் அட்டையைச் செருகித்தான் பக்கத்தைத் திருப்ப முடிந்தது. ஒவ்வொரு திருப்பலுக்கும் ஓரத்திலிருந்து பழுப்புத் தூள் உதிர்ந்தது. 212 பக்கம். காலையில் ஸ்கேன் செய்ய உட்கார்ந்தவர்கள் மாலை ஐந்து மணிக்குத்தான் எழுந்தோம். படங்கள் எல்லாம் நாஸுக்குரிய 'பெட்டகம்' ஃபோல்டரில் வரிசையாகத் தெரிந்தன. பேரேட்டைத் துணியில் கட்டிக் கொடுத்தோம். கம்ப்யூட்டரை அணைத்தோம்.

மறுநாள் நாஸைத் திறந்து பார்த்தால் ஒரு பக்கம்கூட இல்லை.

என்ன நடந்தது என்று உங்களுக்குப் படித்தவுடனே புரிந்திருக்கும். அன்றைக்குக் காலையில் நாஸ் மவுண்ட் ஆகவில்லை, அதாவது கம்ப்யூட்டரோடு இணையவில்லை. தினமும் அந்தக் கட்டளையை அடிக்கும் பெண் விடுப்பில் இருந்தாள். மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்து அடிக்க வேண்டும் என்பது வந்தவர்களுக்குத் தெரியாது. உங்கள் பென்டிரைவில் பெர்சிஸ்டன்ஸ், அதாவது அணைத்த பிறகும் அழியாமல் தங்கும் வசதி, மென்பொருள்களின் அமைப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டருக்கு மட்டும்தான். அதனால், படங்களைப் பெட்டகத்தில் போடு என்பதை ஸ்கேன் மென்பொருள் நினைவில் வைத்திருந்தது. அந்தப் பெட்டகம் எந்த நாஸில் இருக்கிறது என்பதைச் சிஸ்டம் மறந்துவிட்டது. நாஸ் இல்லாதபோது அது ஹோமுக்கு வெளியே இருக்கும் வெறும் ஃபோல்டர். அதற்குள் போனதெல்லாம் ராமில் இருந்தது. அணைத்தவுடன் போய்விட்டது.

எந்த நாஸை எங்கே மவுண்ட் செய்வது என்பதை எப்எஸ்டேப் கோப்பில் எழுதுங்கள் என்று நான்கு முறையும் பதில் அனுப்பினீர்கள். அந்தக் கோப்பு, சிஸ்டத்தின் அமைப்புகள் இருக்கும் ஈடிசி ஃபோல்டருக்குள் இருக்கிறது. உங்கள் பென்டிரைவில் ஈடிசி தங்குவதே இல்லை. நாங்கள் எழுதுவது அன்றைக்கு மட்டும்தான் இருக்கும். ஈடிசி தங்கினாலும் எப்எஸ்டேபை மட்டும் நம்ப முடியாது. உதாரணமாக, உபுண்டு லினக்ஸின் லைவ் பதிப்பில் (பென்டிரைவிலிருந்தே ஓடும் பதிப்பு) காஸ்பர் என்ற பகுதி, கம்ப்யூட்டர் பூட் ஆகும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பைப் புதிதாக எழுதிவிடுகிறது. சிஸ்டம்டி மவுண்ட் யூனிட்டாக, அதாவது சிஸ்டம் தானே படித்து மவுண்ட் செய்யும் தனிக் கோப்பாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: நாஸ் அமைப்பு அடுத்த முறை பூட் ஆகும்போதும் இருக்க வேண்டும். பெர்சிஸ்டன்ஸ் கோப்பில் ஹோம் என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குக் கீழே ஈடிசிக்கு ஒரு வரி சேருங்கள். மவுண்ட் யூனிட்டையும் நீங்களே உள்ளே வைத்து அனுப்புங்கள். அதோடு, ஃபோல்டரைத் திறந்தவுடன் நாஸ் தானாக இணையும்படி ஆட்டோமவுண்டும் இருக்கட்டும். நாஸ் அணைந்திருந்தால் பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் விழித்துக்கொண்டு நிற்காமல் இருக்க நோஃபெயிலும் சேர்த்துவிடுங்கள். அப்புறம், பெட்டகம் ஃபோல்டரை ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கு மட்டும் உரியதாக ஆக்குங்கள். மவுண்ட் ஆகாத நாளில் சேமிக்கவே முடியாது என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அது மட்டும் இருந்திருந்தால் அந்த 212 பக்கமும் பிழைத்திருக்கும்.

பென்டிரைவ் தொலைந்தால் நாஸ் பாஸ்வேர்டும் போய்விடும் என்ற உங்கள் கவலை சரி. அதற்கு, கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் லக்ஸ் குறியாக்கம் இருக்கிறது. பூட் ஆகும்போது ஒரு கடவுச்சொல் கேட்கட்டும், அடித்துக்கொள்கிறோம். ஒரு சொல்லை நினைவில் வைக்க எங்களால் முடியும். அந்த நீளக் கட்டளையைத்தான் எல்லோராலும் முடியவில்லை.

இங்கே வேலை செய்பவர்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் கல்லூரிப் பிள்ளைகளும். உதவி கேட்டால் ஆங்கிலக் கையேட்டின் இணைப்பு வருகிறது. சந்தேகம் கேட்டால், அடிப்படை தெரியாமல் ஏன் இதைத் தொடுகிறீர்கள் என்ற தொனி வருகிறது. திருமண ஒப்பந்தமான இசைகுடிமானத்தையும் கல்யாணச் சீர்ப் பட்டியலான முறைச் சிட்டையையும் தப்பில்லாமல் வாசித்துச் சொல்லக்கூடியவர்கள் இவர்கள். இவர்களை அப்படிப் பேச வேண்டாம் என்று மனம் வருந்திக் கேட்டுக்கொள்கிறேன். கோட்டையூரில் ரோஜா முத்தையா வீட்டில் சேர்த்துவைத்த பழைய புத்தகங்களும் இதழ்களும் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. எல்லா ஊருக்கும் அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. மிச்சமெல்லாம் இரண்டாங்கட்டு அறைகளில், பூட்டிய கதவுக்குப் பின்னால் கிடக்கின்றன. பூட்டைத் திறந்து ஒருவர் கொண்டுவந்து கொடுக்கும் நாளில் எங்கள் கருவி தவறக் கூடாது.

ஆச்சியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "திரும்பப் பெரட்டுனா தாங்குமாப்பா?" என்று மட்டும் கேட்டார். மறுவாரம் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். வீடு பூட்டியிருக்கிறது, பேரேடு உள்ளே இருக்கிறது.

பிள்ளையார் நோன்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்தால் இன்னொரு நாள் தருவாராம். அதற்கு முன்னால் அந்த ஒரு வரியைச் சேர்த்துப் புதிய பென்டிரைவ்கள் மூன்று அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தபால் செலவை நூலகமே ஏற்றுக்கொள்ளும்.

இப்படிக்கு,
நூலகத் தன்னார்வலர்களுள் ஒருவன்