சன்ஸ்க்ரீன், முகப்பூச்சு விளம்பரம் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

விளம்பரத்தை எழுதுகிறவர், படம் பிடிக்கிறவர், கடைசியில் பார்த்துச் சரி சொல்கிறவர் என எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். வெயிலிலிருந்து தோலைக் காப்பது ஒரு வேலை. முகத்தை ஒரே நிறமாக்கிக் காட்டுவது வேறு வேலை. இரண்டையும் ஒரே குழாயில் அடைத்து, ஒரே மூச்சில் சொல்லி விற்கிறீர்கள். இதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் எனக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. மூக்குத்தண்டிலும் மேலுதட்டுக்கு மேலேயும் பரவியது. கர்ப்ப கால ஹார்மோனும் வெயிலும் சேர்ந்து செய்த வேலை இது, உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை என்றார் தோல் மருத்துவர். குறைய மாதக்கணக்கில் ஆகும், குறைந்தாலும் வெயில் பட்டால் திரும்ப வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். போனைத் திறந்தால் நீங்களோ ஏழே நாளில் மாசு மருவற்ற முகம் என்கிறீர்கள். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. சிலருக்கு மங்கின் நிறமி அதற்கும் கீழே, உள்தோல் வரை இறங்கியிருக்கும். ஏழு நாள் கணக்கு எங்கிருந்து வந்தது?

அப்படி ஒரு விளம்பரத்தை நிறுத்திவைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கன்னத்தில் ஒரு மயிர்த்துளைகூட இல்லை. காதோரத்துப் பூனை முடி இல்லை. அந்தப் பெண் வாய்விட்டுச் சிரிக்கிறாள், கண்ணோரத்தில் ஒரு கோடு விழவில்லை. பூச்சால் வந்த முகமா அது? கணினியில் வந்த முகம். அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நிற்கிற பதினைந்து வயசுப் பிள்ளைக்கு இது தெரியாது. தன் தோலில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்கிறாள்.

நீங்கள் கறை என்று வட்டம் போட்டுக் காட்டுகிற மெலனின், அதாவது தோலுக்கு நிறம் தரும் நிறமி, என்ன செய்கிறது என்று ஒரு தடவையாவது யாராவது சொல்லலாம். மெலனோசைட் என்ற செல்கள் அதைத் தயாரித்து, பக்கத்தில் உள்ள தோல் செல்களுக்குக் கொடுக்கின்றன. வாங்கிக்கொண்ட செல் அதைத் தன் உட்கருவுக்கு மேலே, வெயில் வருகிற பக்கமாகக் குவித்து, குடை பிடிப்பதுபோல வைத்துக்கொள்கிறது. உட்கருவில்தான் டிஎன்ஏ இருக்கிறது. அதற்கு அடிபடாமல் இருக்கத்தான் இத்தனை ஏற்பாடும். வெயிலில் போனால் கறுப்பது, தோல் தன்னைக் காத்துக்கொள்ளப் பாடுபடுகிறது என்பதற்கான அடையாளம்.

அதற்காக வெயில் ஒன்றும் செய்யாது என்று சொல்ல வரவில்லை. 2012இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. 28 வருடம் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர். ஜன்னல் பக்கம் இருந்த இடது பாதி முகம் தடித்து, ஆழமாகச் சுருங்கித் தொங்குகிறது. வலது பாதி எவ்வளவோ தேவலை. வெயிலில் உள்ள யுவிஏ என்ற புற ஊதாக் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வரும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். தோல் புற்றுநோய் வருகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளும்படியும் மருத்துவர்கள் அவருக்குச் சொன்னார்கள். சன்ஸ்க்ரீன் எதற்கு என்று கேட்டால் இதுதான் பதில். ஆனால் உங்கள் விளம்பரத்தில் வண்டி ஓட்டுகிறவர் எங்கே? வெயிலில் நின்று வேலை செய்கிறவர் எங்கே?

அளவையும் சரியாகக் காட்டுவதில்லை. சன்ஸ்க்ரீன் வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று காட்டுகிற எஸ்பிஎஃப் எண்ணை ஆய்வகத்தில் கணக்கிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் என்றால் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். நீங்கள் காட்டுவது கன்னத்தில் ஒரு பொட்டு. அதை நம்பிப் பூசினால் குழாயில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் 50 தோலுக்குக் கிடைக்காது. காது, பின்கழுத்து, புறங்கை பற்றிப் பேச்சே இல்லை. என்னைப் போல மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் ஆகாது, இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்க்ரீன் அதைத் தடுக்கும். இதை மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், எந்த விளம்பரமும் சொல்லவில்லை.

இன்னொன்றுதான் எனக்குப் பெரிய கவலை. பளிச்சென்ற ஒரே நிற முகம் வேண்டும் என்ற ஏக்கத்தை நீங்கள் விதைக்கிறீர்கள். உங்கள் பொருளில் அது நடக்காதபோது ஆட்கள் வேறெதையாவது தேடிப் போகிறார்கள். பாதரசம் கலந்த க்ரீம் நிறத்தைக் குறைக்கும், கூடவே சிறுநீரகத்தையும் கெடுக்கும். உலக நாடுகள் 2013இல் பாதரசத்தைக் கட்டுப்படுத்த மினமாட்டா ஒப்பந்தம் போட்டு அதற்குத் தடை கொண்டுவந்தும், இன்னும் அது விற்பனையில் இருக்கிறது. ஸ்டீராய்டு க்ரீம் முதலில் முகத்தைத் தெளிவாக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்தக் குழாய் வெளியே தெரியும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அந்த க்ரீமை நீங்கள் விற்கவில்லை, சரி. அதைத் தேடிப் போகவைத்ததில் உங்களுக்குப் பங்கு இருக்கிறது.

செய்ய முடியாத எதையும் கேட்கவில்லை. நார்வேயில் 2022 ஜூலை முதல், விளம்பரப் படத்தில் தோலைத் திருத்தியிருந்தால் அதைக் குறிப்பிட்டாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சட்டம் வரும்வரை காத்திருக்காமல் எல்லா இடத்திலும் அந்தக் குறிப்பை நீங்களே போடுங்கள். நாள் கணக்கு வாக்குறுதிகளை எடுத்துவிடுங்கள். மங்கும் பருத் தழும்பும் உள்ளவர்களை ‘முன்பு’ என்ற படத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள். அடுத்த சன்ஸ்க்ரீன் விளம்பரத்தில் அப்படி ஒருவர் இரண்டு விரல் அளவு எடுத்து முகம், காது, கழுத்து எல்லாம் பூசிக்கொண்டு வேலைக்குக் கிளம்பட்டும். பூசிய பிறகும் அவர் முகத்தில் மங்கு அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் விளம்பரங்களைப் பார்க்கிற ஒருத்தி