இடைவேளையைப் பறித்துத் தரும் கூடுதல் நேரம்: பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். என் மகளுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் பிழையின்றி எழுதுவதிலும் திணற வைக்கும் கற்றல் குறைபாடு, இருப்பதாகச் சொல்லும் மதிப்பீட்டு அறிக்கை உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. நாம் பேசியதும் நினைவிருக்கும். அதனால் பழைய கதைக்குப் போகவில்லை. போன வாரம் திருத்தி வந்த அறிவியல் தாளுக்கு வருகிறேன்.

செடி தனக்கு வேண்டிய உணவை எப்படித் தயாரிக்கிறது என்பது கேள்வி. வெயில், தண்ணீர், கரியமில வாயு எல்லாமே அவள் பதிலில் இருக்கின்றன. ‘ஒளிச்சேர்க்கை’யை ‘ஒலிசேர்கை’ என்றும், ‘பச்சைய’த்தைப் ‘பசயம்’ என்றும் எழுதியிருக்கிறாள். மதிப்பெண் பூஜ்யம். பக்கத்தில் சிவப்பு மையில், ‘கவனக்குறைவு. பத்து முறை எழுதி வரவும்.’ எழுத்தையும் ஒலியையும் பொருத்துவதில்தான் அவளுக்குச் சிக்கல். பார்வையிலோ அறிவிலோ இல்லை. அறிக்கையிலும் அதுதான் இருக்கிறது. பத்து முறை எழுதினாள், விதவிதமாக.

கூடுதல் நேரம் கேட்டேன். நீங்கள் மறுக்கவில்லை, கொடுத்தீர்கள். எங்கிருந்து எடுத்து? அவளுடைய இடைவேளையிலிருந்து. பலகையில் இருப்பதை அவள் பாதி எழுதுவதற்குள் மணி அடித்துவிடுகிறது. மற்ற பிள்ளைகள் விளையாட ஓட, மீதியை எழுதி முடிக்க இவளை உட்கார வைக்கிறார்கள். சில நாள் அதற்குள் யாராவது பலகையை அழித்துவிடுவார்கள். அதற்கும் இவளுக்குத்தான் திட்டு. சாப்பாட்டு டப்பா பாதி காலியாகாமல் வீட்டுக்கு வருகிறது. இது சலுகை என்றால், தண்டனைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?

நான் கேட்பது ஒன்றுதான். என்னென்ன உதவி தருவீர்கள் என்பதை எழுதி, கையெழுத்திட்டு, அவளுக்குப் பாடம் எடுக்கும் ஒவ்வோர் ஆசிரியரிடமும் கொடுங்கள். தேர்வில் கூடுதல் நேரம், வினாத்தாளை வாசித்துக் காட்ட ஒருவர், மொழிப்பாடம் அல்லாத தாள்களில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காமை, பலகைக்குப் பதில் அச்சிட்ட குறிப்பு. அப்புறம், முன்கூட்டிச் சொல்லாமல் வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொல்லாமல் இருப்பது. வாய்ப்பேச்சாக விட்டால் ஆசிரியர் மாறும்போது எல்லாம் போய்விடுகிறது. எழுத்தில் வேண்டும்.

‘ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள்’ என்றீர்கள். தேவைப்படுகிற பிள்ளைகள் கேட்கட்டுமே! 1896இல் பிரிங்கில் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், வாசிக்கத் திணறிய 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியரே சொன்னாராம். அந்த ஆசிரியருக்கு அறிக்கை எதுவும் தேவைப்படவில்லை.

ஆண்டு விழாவில் ‘ஒவ்வொரு குழந்தையும் தனித்துவமானது’ என்று மேடை அகலத்துக்குப் பேனர் கட்டியிருந்தீர்கள். என் மகள் அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தாள். கட்டியவர்கள் படித்தார்களா என்று தெரியவில்லை.

சரி, கோபத்தை இதோடு விடுகிறேன். அடுத்த தேர்வு தொடங்குமுன் அந்தத் திட்டத்தை எழுத்தில் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். உட்கார்ந்து பேச எப்போது அழைத்தாலும் வருகிறேன். இடைவேளையை மட்டும் நாளைக்கே அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதற்குக் குழு கூட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் மாணவி ஒருத்தியின் தாய்